குத்துச்சண்டை ஐதீகங்களும் குற்றச்சாட்டின் மெய்ம்மையும்

விளையாட்டின் வரலாறு வெற்றி தோல்விகளின் பட்டியல் மட்டுமன்று. ஒரு போட்டி முடிந்த பின்னர் அதனைப் பற்றி மக்கள் எதனைச் சொல்கின்றனர், எதனை நம்புகின்றனர், எதனைத் தம் பிள்ளைகளுக்குக் கையளிக்கின்றனர் என்பனவும் அவ்வரலாற்றின் பகுதியேயாகும். குத்துச்சண்டையில் இவ்வுண்மை ஏனைய விளையாட்டுகளிலும் பார்க்கத் தெளிவாகப் புலப்படுகின்றது. ஓட்டப் போட்டியில் கடிகாரம் சாட்சி கூறும். உயரம் பாய்தலில் கோல் சாட்சி கூறும். குத்துச்சண்டையிலோ ஒரு குத்தின் வலிமையைக் குத்தியவரும் அதனை வாங்கியவருமே முற்றாக அறிவர். கண்ணிமைப் பொழுதில் நடந்து முடிவதை மத்தியஸ்தர் ஒரு பக்கத்திலிருந்தும் நடுவர்கள் வேறு பக்கங்களிலிருந்தும் காண்கின்றனர். கையுறைக்குள் இருப்பதைப் பார்வையாளர் காண்பதில்லை. இவ்வாறு கண்ணுக்கு மறைந்தவை பலவாக இருப்பதனால், சூழ்ச்சி நடந்தது என்ற குற்றச்சாட்டு இவ்விளையாட்டை நிழல்போலத் தொடர்ந்து வருகின்றது.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களுக்குக் குத்துச்சண்டை மண்ணில் ஊறிய விளையாட்டன்று. சீனடியும் சிலம்படியும் அறிந்த ஊர்கள் இவை. பின்னர் உதைபந்தாட்டத்தையும் கிரிக்கெட்டையும் தமதாக்கிக்கொண்டவை. எனினும் ஒரு குத்துச்சண்டை வீரரின் பெயர் இங்கு அந்நியமானதன்று. முகம்மது அலி என்பது இவ்வூர்களில் தெருவுக்கு ஒருவரேனும் தாங்கியிருக்கத்தக்க பெயர். கசியஸ் கிளே என்ற அமெரிக்கக் கறுப்பின இளைஞர் 1964ஆம் ஆண்டில் அப்பெயரை ஏற்றதனால், தொலைதூரத்து உலக வீரர் ஒருவர் பெயரளவிலேயே உறவினராகிவிட்டார். தமிழகத்துக்கும் அவர் முற்றிலும் அந்நியரல்லர். 1980ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கலந்துகொண்டவர். இத்தகைய உறவுணர்வு இயல்பானது. ஆயின் அன்பு மிகும் இடத்திலேயே விமர்சனம் சோர்வடைகின்றது. அலியைச் சூழ்ந்து வளர்ந்த கதைகளை ஆராய முற்படும்போது இது மனங்கொள்ளத்தக்கது.

ஐதீகத்தையும் பொய்யையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. பொய் சொல்பவர் அது பொய் என்பதை அறிவார். ஐதீகத்தைச் சொல்பவர் பெரும்பாலும் அதனை மெய்யென்றே நம்புகின்றார். அதனாலேயே அதற்கு ஆயுள் அதிகம். இத்தகைய செய்திகளைச் சோதிப்பதற்கு முஸ்லிம் அறிவு மரபில் நுட்பமான ஒரு முறை உண்டு. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியை இரு வகையில் ஆராய்ந்தனர். ஒன்று, அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாத். மற்றையது, செய்தியின் உள்ளடக்கமாகிய மத்ன். அறிவிப்பவர் நினைவாற்றலும் நேர்மையும் உடையவரா, தாம் யாரிடம் கேட்டதாகக் கூறுகின்றாரோ அவரை அவர் உண்மையில் சந்தித்தவரா, தொடரில் எங்கேனும் அறுபடல் உண்டா, சொல்லப்படும் செய்தி ஏனைய உறுதியான செய்திகளோடு முரண்படுகின்றதா என்பன அவர்கள் எழுப்பிய வினாக்கள். சமயச் செய்திகளைக் காப்பதற்கென உருவான முறையாயினும், அதன் சாரம் எந்தச் செய்தியையும் உரைத்துப் பார்க்க உதவவல்லது. குத்துச்சண்டைக் கதைகளையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம்.

முதலில் இலண்டன் வெம்பிளி அரங்கில் 1963 ஜூன் 18ஆம் திகதி நடந்த போட்டியை நோக்கலாம். அன்று கசியஸ் கிளேயாகவே இருந்த அலி, ஆங்கிலேய வீரர் ஹென்றி கூப்பரை எதிர்கொண்டார். நான்காம் சுற்றின் இறுதியில் கூப்பரின் இடக்கைக் குத்து கிளேயைக் கயிற்றோரம் வீழ்த்தியது. அவர் எழுந்தார், மணி ஒலித்தது. இடைவேளையில் பயிற்றுநர் ஏஞ்சலோ டண்டி அவரது கையுறையில் இருந்த கிழிசலை மத்தியஸ்தருக்குக் காட்டினார். ஐந்தாம் சுற்றில் கூப்பரின் கண்ணருகே இருந்த காயத்திலிருந்து குருதி பெருகவே போட்டி நிறுத்தப்பட்டுக் கிளே வென்றார். பின்னர் பரவிய கதை யாதெனில், கையுறையை மாற்றும் சாட்டில் கிளேயின் தரப்பு பல நிமிடங்களைத் திருடிக்கொண்டது, இல்லாவிடில் கூப்பரே வென்றிருப்பார் என்பதாகும். காலப்போக்கில் அத்தாமதம் இரண்டு நிமிடமாகவும் மூன்று நிமிடமாகவும் வளர்ந்தது.

எஞ்சியுள்ள பதிவுகளை வைத்துக் கணிக்கும்போது, 60 செக்கனாக இருக்கவேண்டிய அவ்விடைவேளை ஏறத்தாழ 66 செக்கன் நீடித்ததாகவே தெரிகின்றது. கையுறை மாற்றப்படவுமில்லை, கிழிந்த கையுறையுடனேயே கிளே ஐந்தாம் சுற்றில் போரிட்டார். ஆறு செக்கன்களே ஒரு நாட்டின் நினைவில் மூன்று நிமிடங்களாகின. ஆயினும் இக்கதை அடியோடு ஆதாரமற்றதன்று. முன்பே இருந்த சிறு கிழிசலைத் தாமே விரலால் பெரிதாக்கியதாக டண்டி பிற்காலத்தில் கூறியுள்ளார். பிரித்தானிய விதிகள் அனுமதியாத முகரும் உப்பினைக் கிளேயைத் தெளிவிப்பதற்கு அவர் பயன்படுத்தியமையும் பேசப்படுகின்றது. அதாவது, முறைகேடு இருந்தது. ஆனால் கதை சுட்டிய இடத்தில் அது இருக்கவில்லை. மக்கள் நினைவில் கிழிந்த கையுறை நிலைத்தது. முகரும் உப்பு பெரிதும் மறக்கப்பட்டது. கண்ணால் கண்டு காட்டத்தக்க பொருளையே ஐதீகம் விரும்புகின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இக்கதையை இங்கிலாந்து ஏன் இவ்வளவு விருப்புடன் பேணியது? பேரரசு கரைந்துகொண்டிருந்த காலம் அது. பணிவும் உழைப்பும் உடையவராகப் போற்றப்பட்ட தம் வீரர், வாய்ச்சாலகம் மிக்க வெளிநாட்டவரிடம் நேர்மையாகத் தோற்றார் என்பதிலும், வென்றிருக்கவேண்டியவர் சூழ்ச்சியால் தோற்றார் என்பது ஆறுதலளிப்பது. 1966ஆம் ஆண்டில் இருவரும் மீண்டும் இலண்டனில் மோதியபோதும் அலியே வென்றார். அப்போட்டி எவரது நினைவிலும் இவ்வளவு ஆழமாகப் பதியவில்லை. ஐதீகத்துக்கு இடந்தராத தோல்வி விரைவில் மறக்கப்படுகின்றது.

பிறர் போற்றும் ஐதீகத்தை இவ்வாறு பிரித்துக் காட்டுதல் எளிது. அலியின் அன்பர்களுக்கு மகிழ்ச்சி தருவதுமாகும். அவ்வன்பர்கள் தாமே போற்றும் கதையை அதே முறையில் அணுகும்போதுதான் விமர்சனத்தின் நேர்மை சோதனைக்குள்ளாகின்றது.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அலி தங்கப் பதக்கம் வென்றார். ஊர் திரும்பிய அவருக்கு லூயிவில் நகர உணவகம் ஒன்று கறுப்பர் என்ற காரணத்தால் உணவளிக்க மறுத்தது என்றும், வெறுப்புற்ற அவர் பதக்கத்தை ஓகாயோ ஆற்றில் வீசியெறிந்தார் என்றும் 1975இல் வெளிவந்த அவரது தன்வரலாற்று நூல் கூறியது. ஒடுக்குமுறைக்கு எதிரான செயலாக இக்கதை உலகெங்கும் பரவியது. அலியை மதிக்கும் எவரும் இதனை விரும்பாதிருத்தல் அரிது. ஆயின் அறிவிப்பாளர் தொடரை நோக்குமிடத்து ஐயம் எழுகின்றது. அந்நூல் ரிச்சர்ட் டர்ஹாம் என்ற எழுத்தாளரின் துணையுடன் ஆக்கப்பட்டது. பதக்கம் உண்மையில் தொலைந்துபோயிற்று என்பதே பின்னர் அலியின் வாயாலும் அவருக்கு நெருக்கமானவர்கள் வாயாலும் வந்த செய்தி. 1996ஆம் ஆண்டு அத்லாந்தா ஒலிம்பிக்கின்போது அவருக்கு மாற்றுப் பதக்கம் வழங்கப்பட்டது. ஆற்றில் எறிந்த காட்சி இலக்கிய அழகுடையது. வரலாற்று உறுதி உடையதன்று.

இதனால் அலிக்கு இழைக்கப்பட்ட அநீதி பொய்யாகிவிடுமா? ஆகாது. லூயிவில் நகரில் நிறப்பாகுபாடு நிலவியது என்பது ஐயத்துக்கு இடமற்றது. அதனிலும் பெரிய அநீதி ஒன்று எழுத்திலேயே பதிவாகியுள்ளது. வியட்நாம் போருக்கான படைச்சேவையை 1967 ஏப்ரலில் அவர் மறுத்தபோது, நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் முன்னரே குத்துச்சண்டை நிருவாகிகள் அவரது உரிமத்தையும் உலகப் பட்டத்தையும் பறித்தனர். மூன்றாண்டுகளுக்கு மேல் அவர் மேடையேற இயலவில்லை. 1971 ஜூனில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் அவருக்கு எதிரான தீர்ப்பை ஒருமனதாக நீக்கியது. இழந்த ஆண்டுகளை எவராலும் திருப்பித் தர இயலவில்லை. இத்துணை வலிய மெய் இருக்கையில் ஆற்றில் விழுந்த பதக்கத்தின் துணை எதற்கு? உறுதியற்ற கதையை முன்வைப்போர், எதிர்த்தரப்பு அதனை மறுக்கும் வேளையில் உறுதியான உண்மையையும் ஐயத்துக்குள்ளாக்கிவிடுகின்றனர்.

1965 மே 25இல் மெயின் மாநிலத்து லூயிஸ்டன் நகரில் நடந்த அலி – சொனி லிஸ்டன் இரண்டாம் போட்டி மேலும் சிக்கலானது. 2,434 பேரே கூடியிருந்த சிறு அரங்கில், முதலாம் சுற்றிலேயே அலியின் குறுகிய வலக்கைக் குத்தொன்றுக்கு லிஸ்டன் வீழ்ந்தார். அக்குத்தைப் பலர் காணவேயில்லை. வீழ்ந்தவரை நோக்கி அலி நின்று முழங்கியதால் மத்தியஸ்தர் ஜேர்சி ஜோ வோல்கொட் எண்ணிக்கையை முறையாக நடத்த இயலவில்லை. எழுந்த லிஸ்டனுடன் போட்டி மீண்டும் தொடங்கிய பின்னரே, பத்துச் செக்கன் கடந்துவிட்டதென மேடையோரத்திலிருந்த பத்திரிகையாசிரியர் நாட் ஃபிளைஷர் கூவியதைக் கேட்டு அவர் போட்டியை நிறுத்தினார். லிஸ்டன் விலைபோய் வீழ்ந்தார் என்றும், அச்சுறுத்தலுக்கு அஞ்சி வீழ்ந்தார் என்றும் கதைகள் எழுந்தன. மெதுவாக ஓட்டிப் பார்க்கையில் குத்து அவரது தலையில் பட்டமை படத்தில் தெரிகின்றது. ஒருவரை வீழ்த்தும் வலிமை அதற்கு இருந்ததா என்பதைப் படம் காட்டாது. விலையோ அச்சுறுத்தலோ இருந்ததற்கு இன்றுவரை நிறுவப்பட்ட ஆதாரம் இல்லை. அலியின் அன்பர் இப்போட்டியை அப்பழுக்கற்றது எனச் சத்தியம் செய்யவும் இயலாது. பகைவர் இதனை ஏமாற்று எனத் தீர்ப்பளிக்கவும் இயலாது. தீர்ப்பை நிறுத்திவைத்தலும் ஒரு தீர்ப்பே என்பதை விமர்சகர் ஏற்கவேண்டும்.

1974 ஒக்டோபர் 30இல் கின்சாசாவில் அலி ஜோர்ஜ் போர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்தியமையும் இத்தகைய கதைகளுக்குத் தப்பவில்லை. அலி சாய்ந்து நின்று குத்துகளைத் தாங்குவதற்கு வசதியாக டண்டி கயிறுகளைத் தளர்த்தினார் என்பது ஒரு கதை. வெப்பத்தால் தொய்ந்த கயிறுகளை இறுக்கவே தாம் முயன்றதாக டண்டி கூறினார். தமக்குக் கொடுக்கப்பட்ட நீரில் மருந்தின் சுவை இருந்ததென்று போர்மன் பிற்காலத்து நூலொன்றில் எழுதினார். அந்நீரை வழங்கியவர்கள் அவரது சொந்தத் தரப்பினரே. இங்கு அறிவிப்பாளர் ஒருவரே, அவரே தோற்றவர், அவரை உறுதிப்படுத்தும் வேறு சான்றும் இல்லை. எனினும் அதே போர்மன் பின்னாளில் அலியின் நெருங்கிய நண்பரானார் என்பதையும் குறிப்பிடல் வேண்டும். தோல்வியை விளங்கிக்கொள்ள ஒரு மனிதர் பல ஆண்டுகள் முயன்றார் எனக் கொள்வதே அவருக்கும் நியாயஞ் செய்வதாகும்.

தோற்றவரின் கூற்று என்பதனாலேயே ஒன்றைத் தள்ளிவிடலாம் என இதிலிருந்து முடிவுசெய்தல் பெருந்தவறாகும். ஒரே வகையான இரு குற்றச்சாட்டுகளை அருகருகே வைத்து நோக்கின் இது விளங்கும்.

1919 ஜூலை 4இல் தொலீடோ நகரில் ஜாக் டெம்ப்சி தம்மிலும் மிகப் பெரிய உருவமுடைய ஜெஸ் வில்லார்டை முதற் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார். டெம்ப்சியின் கைக்கட்டுத் துணியில் தாம் பாரிஸ் சாந்து பூசியதாக அவரது முன்னைய முகாமையாளர் ஜாக் கேர்ன்ஸ் கூறிய செய்தி, கேர்ன்ஸ் இறந்த பின்னர் 1964இல் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. அறிவித்தவர் டெம்ப்சியுடன் நெடுங்காலம் பகைத்து வழக்காடியவர். செய்தி வெளிவந்தது 45 ஆண்டுகளின் பின். குறுக்கு விசாரணை செய்ய அவர் உயிருடனும் இல்லை. போட்டிக்கு முன் வில்லார்ட் டெம்ப்சியின் கைகளைப் பார்வையிட்டமை படத்தில் உள்ளது. பிற்காலத்துப் பரிசோதனையும் அக்கதைக்குத் துணைநிற்கவில்லை. தொடரும் பழுது, உள்ளடக்கமும் பழுது.

1983 ஜூன் 16இல் நியூயோர்க்கில் நடந்தது வேறு. தோல்வியே அறியாதிருந்த இளம் வீரர் பில்லி கொலின்ஸை லூயிஸ் ரெஸ்டோ பத்துச் சுற்றுகள் அடித்து முகத்தைச் சிதைத்தார். போட்டி முடிந்ததும் ரெஸ்டோவின் கையைப் பற்றிய கொலின்ஸின் தந்தை, கையுறையின் திணிப்பு மெலிந்திருப்பதை உணர்ந்து அங்கேயே குரலெழுப்பினார். கையுறைகள் கைப்பற்றப்பட்டுச் சோதிக்கப்பட்டன. திணிப்பு அகற்றப்பட்டிருந்தமை உறுதியாயிற்று. ரெஸ்டோவும் அவரது பயிற்றுநர் பனாமா லூயிஸும் 1986இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டுச் சிறை சென்றனர். பார்வை கெட்டு விளையாட்டை இழந்த கொலின்ஸ் அதற்கு முன்னரே, 1984இல், வாகன விபத்தில் இறந்திருந்தார். இங்கு அறிவித்தவர் தோற்றவரின் தந்தை. ஆயினும் அவர் அக்கணத்திலேயே கூறினார், பொருளைக் கையிற்பற்றிக் கூறினார், அப்பொருளும் அவருக்குச் சாட்சி பகர்ந்தது. பொய்க் குற்றச்சாட்டுகள் மலிந்த உலகில் அத்தந்தையின் குரல் மற்றொரு தோல்விப் புலம்பலாகக் கருதப்பட்டிருக்கலாம் என்பதே அஞ்சத்தக்கது.

தீர்ப்பளிப்போரே பிழைசெய்யும் வேளையும் உண்டு. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்கரான ரோய் ஜோன்ஸ் 86 குத்துகளைப் பதித்தார், கொரியரான பார்க் சி ஹுன் 32ஐயே பதித்தார் எனத் தொலைக்காட்சியினர் கணித்தனர். மூன்று நடுவர்கள் பார்க்குக்கு வெற்றியளித்தனர். ஒலிம்பிக் குழு 1997இல் கையூட்டுக்கு ஆதாரம் இல்லை என முடிவுசெய்தது. தீர்ப்புத் தவறு என்பதும் கையூட்டு நிறுவப்படவில்லை என்பதும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும். ஐதீகம் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றது. விமர்சனம் இரண்டையும் பிரித்தே வைக்கவேண்டும்.

இலங்கையருக்கும் இத்தகைய சோதனையொன்று வந்தது. 1938ஆம் ஆண்டு சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டிகளில் பார்னி ஹென்றிகஸ் தங்கம் வென்ற பின்னர், 72 ஆண்டுகள் கழித்து 2010இல் டில்லியில் மஞ்சு வன்னியாராச்சி பொதுநலவாயக் குத்துச்சண்டைத் தங்கத்தை நாட்டுக்குக் கொணர்ந்தார். நாடு கொண்டாடியது. ஆயின் தடைசெய்யப்பட்ட நன்ட்ரோலோன் அவரது மாதிரியில் காணப்பட்டமையால் 2011இல் பதக்கம் பறிக்கப்பட்டு, இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்ற வேல்ஸ் வீரர் ஷோன் மக்கோல்ட்ரிக்குக்குச் சென்றது. நோய்க்காகப் பெற்ற மருந்தே காரணம் என்பது வன்னியாராச்சியின் விளக்கம். அவரது உள்ளம் தூயதாக இருந்திருக்கலாம். ஆயினும் விதி உள்ளத்தையன்றி உடலையே சோதித்தது. சிறிய நாடு என்பதனால் வஞ்சிக்கப்பட்டோம் என்ற கதை இங்கு எளிதில் முளைக்கவல்லது. கூப்பருக்காக ஆங்கிலேயர் வளர்த்த கதைக்கும் அதற்கும் வேறுபாடு இராது. ஆங்கிலேயரின் கதையை ஆய்வுகூடத்தில் வைப்பவர்கள் தம் கதையை அலுமாரியில் பூட்டிவைத்தல் முறையன்று.

குற்றச்சாட்டை ஆராயாது ஏற்பதன் விளைவு அம்பாறை மாவட்டத்தவருக்கு ஏட்டறிவு மட்டுமன்று. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரின் முஸ்லிம் உணவகமொன்றில் உணவில் கருத்தடை மருந்து கலக்கப்பட்டதெனக் கூறப்பட்டது. அன்றிரவே உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் காணப்பட்டது மாக்கட்டியே, அதில் அத்தகைய மருந்து எதுவுமில்லை என அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னரே தெரிவித்தது. முதலில் கூறியவர் யார், அவர் எவ்வாறு அறிந்தார், அத்தகைய மருந்து உலகில் உண்டா என்ற மூன்று வினாக்களையும் அவ்விரவில் எவரும் எழுப்பவில்லை. மேடையோரத்து ஐதீகம் ஒரு வீரரின் புகழையே குறைக்கின்றது. தெருவோரத்து ஐதீகம் வீடுகளை எரிக்கின்றது. இரண்டும் வளர்வது ஒரே மண்ணிலேயே: தமக்கு உவப்பானதைச் சோதனையின்றி ஏற்கும் மனத்தில்.

ஆகவே குத்துச்சண்டைக் கதைகளை ஆராய்தல் வீண்பொழுது போக்கன்று. ஒரு குற்றச்சாட்டு எப்போது எழுந்தது, யாரால் எழுந்தது, அதனால் யாருக்கு ஆறுதல், அதற்குப் பொருட்சான்று உண்டா என வினவும் பழக்கத்தை அது பயிற்றுகின்றது. அவ்வினாக்களைப் பகைவரின் கதையிடம் மட்டும் கேட்பவர் வழக்கறிஞர். தாம் நேசிப்பவரின் கதையிடமும் கேட்பவரே விமர்சகர். அலியின் பெருமை ஆற்றில் எறிந்த பதக்கத்தில் தங்கியிருக்கவில்லை. அப்பதக்கத்தை அவர் எறியவில்லை என ஏற்றுக்கொண்ட பின்னரும் அவர்மீதுள்ள மதிப்புக் குறையாதிருக்குமாயின், அம்மதிப்பே உறுதியானது.